பந்தி முடிந்தபின் ஒரு மாத்திரை

கத்திரிக்காய்க்காரியோடு சண்டை போடாமல் கஸ்தூரிரங்கன் வீடு திரும்பிய அன்றுதான் சுலோச்சனாவின் மனத்தில் முதல் ஐயம் எழுந்தது. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் அவர் வாய் திறந்தாரென்றால் நான்கு கடை தள்ளி இருப்பவர்களும் தராசைப் பிடித்த கையோடு திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணச் சமையலுக்கு, அவர் சொல்லில் தளிகைக்கு, மூட்டை மூட்டையாகக் காய் எடுக்கிறவர் அவர். ஒரு காயின் காம்பைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோய், இது நேற்றுப் பறித்ததா முந்தாநாள் பறித்ததா என்று வழக்காடி, கடைக்காரி வைது, இவர் வைது, கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டு பிரிவது வழக்கம். அன்று கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தால் பாதிக்குமேல் சொத்தை.

"ஏன்னா, பாத்து வாங்கலையா?"

"குடுத்தா. வாங்கிண்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் படுத்துக்கொண்டார்.

மதராஸ் என்னும் பெயரை அரசாங்கம் சென்னை என்று மாற்றிய ஆண்டு அது. மயிலாப்பூர்ச் சித்திரக்குளத்துக்கு வடக்கே, ஒரு வீட்டின் பின்கட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரே மகள் பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கஸ்தூரிரங்கனின் தளிகைக் கோஷ்டிக்கு அடையாறு முதல் தியாகராய நகர் வரை நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குக் காரணம் அவருடைய மூக்கு. பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணும் முன், அதாவது படைக்கும் முன், எதையும் ருசி பார்ப்பதில்லை என்பது அவர்கள் தொழிலில் பொது நியமம். உப்பும் புளியும் சரிதானா என்பதை மணத்தாலும் நிறத்தாலும் கொதி வரும் ஓசையாலுமே அறிய வேண்டும். கஸ்தூரிரங்கன் அதற்கும் ஒரு படி மேலே போய், அடுப்பு மூட்டியது முதல் கடைசிப் பந்தி எழுந்திருக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடுவதில்லை. 'அண்ணா அடுப்புக்குத் துணையா விரதம் இருக்கார்' என்று அவருடைய ஆட்கள் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் சித்திரையிலிருந்து மெல்ல மெல்ல அணைந்துகொண்டே வந்தார். விடியுமுன் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். பேச்சு சுருங்கியது. சோறு பிசைந்தவாக்கில் கை நின்றுவிடும். தெருக்கோடியிலிருந்த பொது மருத்துவர் அவரைச் சோதித்து, உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, இது மனச்சோர்வு என்னும் நோய் என்று விளக்கி, இரவில் படுக்குமுன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சுலோச்சனாவால் இருக்க முடியாது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அமிட்ரிப்டிலின் என்னும் பெயர் நாவில் புரள்வதற்கே இரண்டு நாள் ஆயிற்று. பிறகு கச்சேரி ரோட்டில் மருந்துக் கடை வைத்திருந்த பீர் முஹம்மதிடம் போனாள்.

"பாய், இந்த மாத்திரை உள்ள போய் எங்க போறது?"

"இன்னா மாமி கேக்கற? எல்லாம் வவுத்துக்குத்தான் போவுது."

"வயத்துக்குப் போனது மனசுக்கு எப்படித் தெரியும்?"

பீர் முஹம்மது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அத்த நான் படிச்சிருந்தா இங்க குந்திக்கினு பில்லு போட்டுக்கினு இருப்பேனா? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இத்தப் போட்டா வாய் காயும், தூக்கம் ஆள அப்பிக்கும். குணம் தெரியறதுக்கு வாரக்கணக்கு ஆவும். நடுவுல உட்டுட்டு, மாத்திர வேல செய்யலன்னு என்னாண்ட வந்து சொல்லாதே."

ஆனி மாதத்தில் முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்தன, அவரிடம் மாற்றமில்லை. ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்றதும் முகத்தில் கொஞ்சம் தெளிவு தென்பட்டது. ஒருநாள் தாமாகவே வற்றல் குழம்புக்குச் சுண்டைக்காய் வறுத்தார். ஆவணியில் மறுபடி வேலை தொடங்கியது, மறுபடி சரிந்தார். ஆழ்வார்ப்பேட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தில், கவிழ்த்து வைத்த அண்டாவின்மேல் உட்கார்ந்துகொண்டு, முதலில் எதை அடுப்பில் ஏற்றுவது என்று சொல்லத் தெரியாமல் விழித்தார். கோஷ்டியில் அவருக்கு அடுத்தவரான பத்ரி ஓடியாடிச் சமாளித்து மானத்தைக் காப்பாற்றினார்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த சுலோச்சனா, வேலைதான் விஷம் என்னும் முடிவுக்கு வந்தாள்.

"ஆடில நன்னா இருந்தேள். ஆவணில சாஞ்சுட்டேள். இந்தத் தொழிலை விட்டுடலாம்னா. பொண்ணுகிட்டப் போய் இருப்போம்."

"அடுப்பையும் விட்டுட்டா அப்புறம் நான் யாருடி?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை அதிகம் அச்சுறுத்தியது.

பொது மருத்துவர், இந்த மருந்து பலிக்கவில்லை போலும், மனநல மருத்துவரே பார்த்து முடிவு செய்யட்டும் என்று சாந்தோமில் இருந்த டாக்டர் லூயிசாவிடம் அனுப்பிவைத்தார்.

டாக்டர் லூயிசா ஐம்பதைக் கடந்தவர். வீட்டின் முன்னறையே அவருடைய மருத்துவமனை. கடற்காற்றில் சன்னல் கதவு ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. புரட்டாசி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. கஸ்தூரிரங்கன் நாற்காலியின் விளிம்பில், கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாரானவர்போல் அமர்ந்திருந்தார்.

"கல்யாண வேலை இருக்கிற நாள்ல என்னென்ன செய்வீங்க? காலையிலேர்ந்து வேண்டாம். முந்தின நாள் சாயங்காலத்திலேர்ந்து சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

முதலில் சொல் சொல்லாகத்தான் வந்தது. மண்டபத்துக்குப் போவது, காய் நறுக்க ஆள் போடுவது, தேங்காய் துருவுவது, அரிசி மூட்டைமேல் சற்றுச் சாய்வது. பேச்சு அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் வாக்கியங்கள் நீண்டன.

"எப்பத் தூங்குவீங்க?"

"தூங்கறதாவது. கண்ணை மூடிண்டு படுத்துப்பேன். காது மட்டும் முழிச்சிண்டு இருக்கும். விடியறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டியாகணும்."

"அந்த ராத்திரி மாத்திரையை எப்பப் போடுவீங்க?"

கஸ்தூரிரங்கன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "போட்டுப்பேன்."

மருத்துவர் அவரை எடை பார்ப்பதற்காக வெளியே அனுப்பினார். பிறகு சுலோச்சனாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நேராவே கேக்கறேன். உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"அப்படிச் சொல்லலை. நான் இல்லாட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு ஒருதரம் கேட்டார்."

"வீட்டுல பழைய மாத்திரை மிச்சம் இருக்கா?"

"மிச்சமா? ஆத்துல இருந்தா படுக்கும்போது போட்டுக்கறதை நானே பாத்திருக்கேன். வேலைக்குப் போனா அட்டையைக் கையோட எடுத்துண்டு போயிடுவார்."

"இன்னிக்கே வீட்டைத் தேடிப் பாருங்க. இருந்தா எடுத்துட்டு நாளைக்கே வாங்க. அதுக்கு முன்னாடி நான் புதுசா எதுவும் எழுத மாட்டேன்."

கஸ்தூரிரங்கனின் வேலைப் பெட்டியை அவள் அதுவரை திறந்து பார்த்ததே கிடையாது, அன்று வீடு திரும்பியதும் திறந்தாள். ஜல்லிக்கரண்டிகளுக்கும் நீளக் கரண்டிகளுக்கும் அடியில் ஒரு பெருங்காய டப்பா இருந்தது. எடுத்தபோது கலகலவென்று ஒலித்தது. பெருங்காயம் அப்படி ஒலிக்காது. மூடியைத் திறந்தாள். டப்பாவில் பாதிக்குமேல் மாத்திரைகள்.

கஸ்தூரிரங்கன் சன்னலோரம் நின்று குளத்து நீரில் விழும் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டப்பாவை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என்னன்னா?"

அவர் கீழே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"கொப்பரைல எண்ணெய் காஞ்சிண்டிருக்கும். எதிர்ல பத்ரி நிப்பான். ராத்திரி அதை முழுங்கிட்டு கார்த்தால அடுப்புகிட்ட நின்னா, தலை பஞ்சு மாதிரி ஆயிடறது. ஆனில ஒருநாள் கரண்டி நழுவித்து. பத்ரி கையில எண்ணெய் தெறிச்சுது. அன்னியோட வேலை நாள்ல அதைத் தொடறதில்லைன்னு வெச்சுண்டேன்."

"டாக்டர்ட்ட சொல்லப்படாதா?"

"சாப்பிடறேளான்னு கேட்டார். சாப்பிடறேன்னேன். ஆத்துல இருக்கற நாள்ல சாப்பிட்டேனே. பொய் இல்லையே."

"சரி. சாப்பிடாததைத் தூர எறிஞ்சிருக்கலாம். ஏன் சேத்து வெச்சேள்?"

"மொதல்ல, மருந்தை எறிய மனசு வல்லை."

"அப்புறம்?"

தூறல் வலுத்தது. யாரோ மாடியில் உலர்த்தியிருந்த துணிகளை எடுக்க ஓடும் சத்தம் கேட்டது.

"அப்புறம், அது அங்க இருக்குன்னு தெரிஞ்சா ஒரு மாதிரி நிம்மதியா இருந்தது, சுலோ."

அவள் அழவில்லை. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"திறந்து பாத்தேளா?"

"ஆழ்வார்ப்பேட்டைலேந்து வந்த அன்னிக்குச் சாயங்காலம். நீ கோயிலுக்குப் போயிருந்தே."

"என்ன பண்ணினேள்?"

"பத்ரி வாசல்ல வந்து நின்னான். அடுத்த முகூர்த்தத்துக்குப் பாலுக்குச் சொல்லியாச்சா அண்ணான்னு கேட்டான். சொல்லலைன்னேன். மூடி வெச்சுட்டு அவனோட பால்காரனைப் பாக்கப் போயிட்டேன்." அவள் மடியிலிருந்த டப்பாவைச் சுட்டிக் காட்டினார். "எந்த டாக்டர் எந்த மாத்திரை குடுத்தாலும் சரி. இனிமே என் கையிலே குடுக்காதே. நீயே வெச்சுக்கோ. ஒவ்வொண்ணாக் குடு."

மறுநாள் டப்பாவை மருத்துவரின் மேசைமேல் வைத்தபோது அறை முழுவதும் பெருங்காயம் மணத்தது. கஸ்தூரிரங்கன் முந்தின நாள் மனைவியிடம் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்ததும் டாக்டர் லூயிசா டப்பாவை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கஸ்தூரிரங்கனிடம், "சொன்னதுக்கு நன்றி. இதைச் சொல்றது சுலபம் இல்ல" என்றார். அவரைக் கடிந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை.

பிறகு சுலோச்சனாவிடம் சொன்னார். "மருந்து பலிக்காம போகலைம்மா. ஆடியில தினமும் போட்டார், தெளிஞ்சார். ஆவணியில பாதிநாள் போடலை, சரிஞ்சார்."

வேலை விஷமில்லை என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கிற்று. கூடவே அடுத்த கேள்வியும் முளைத்தது.

"அப்போ பழசையே நேரம் மாத்திக் குடுக்கலாமே, டாக்டர்?"

"நியாயமான கேள்வி. ரெண்டு காரணத்துக்காக வேண்டாம்னு பாக்கறேன். ஒண்ணு, அது தூக்கம் தர்ற மருந்து. இவர் வேலையே ராத்திரிதான் ஆரம்பிக்குது. இன்னொண்ணு, அளவுக்கு மீறினா அது ரொம்ப ஆபத்தான மருந்து. இந்த வீட்டுக்குள்ள அதை மறுபடி அனுப்ப எனக்கு மனசு வரலை. ஃபுளூவாக்ஸெடின்னு இன்னொண்ணு இருக்கு. இங்க வந்து சில வருஷம்தான் ஆகுது. அந்த ஆபத்து இதுல குறைவு, தூக்கத்துல ஆளைத் தள்ளாது. ஆனா இதுக்கும் பக்கவிளைவு உண்டு. ஆரம்பத்துல குமட்டும், படபடப்பா இருக்கும், தூக்கம் கெடலாம். அதனால காலையில சாப்பிட்டதும் போடச் சொல்லுவோம்."

"முடியாதும்மா" என்றார் கஸ்தூரிரங்கன்.

அன்று அவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்தி எழுந்திருக்கும்வரை வாயில் எதுவும் விடுவதில்லை என்பதை விளக்கினார்.

"மாத்திரைக்கும் ஒரு வாய் தண்ணிக்கும் பெருமாள் கோவிச்சுப்பாரா?"

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார். மூக்கு கோவிச்சுக்கும். வாயிலே ஏதாவது போட்டுண்டா மூக்கு மந்தமாயிடும். மந்தமானா உப்பு தெரியாது. கல்யாணத்துக்கு வந்தவா அத்தனை பேர் இலையும் என் மூக்கை நம்பித்தான் இருக்கு."

மருத்துவர் சிரிக்கவில்லை, யோசனையில் ஆழ்ந்தார். சுலோச்சனாதான் கேட்டாள்.

"கார்த்தாலன்னு எதுக்குச் சொல்றேள்? சூரியனைப் பாத்துத்தான் அது வேலை செய்யுமா?"

"இல்ல. ராத்திரி போட்டா தூக்கம் கெடுமேன்னு பயம், அவ்வளவுதான். உடம்புல நீண்ட நாள் தங்குற மருந்து இது. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனா ஒண்ணும் ஆகாது. நாள் தவறக்கூடாது."

"அப்போ பந்தி முடிஞ்சு இவர் இலைல உக்காருவாரே, அப்போ? ஆத்துல இருந்தாலும் மத்தியானம், மண்டபத்துல இருந்தாலும் மத்தியானம்."

டாக்டர் லூயிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "மதிய உணவுக்குப் பின்னு எழுதறேன். புரட்டாசியில கல்யாணம் கிடையாதுல்ல? குமட்டல் இருந்தாலும் அது முடியறதுக்குள்ள அடங்கிடும். என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் மயிலாப்பூருக்குப் பக்கத்துலேயே பிறந்து வளர்ந்தவ."

"இது ஒத்துக்காட்டா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"வேற இருக்கு. யாருக்கு எது ஒத்துக்கும்னு முன்கூட்டியே சொல்ல எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இருக்கிற மூக்கு எங்களுக்கு இல்ல. நாங்க ருசி பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

அவருடைய உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சொல்லிவிட முடியாது.

பீர் முஹம்மது புதிய அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதி பச்சை, பாதி வெளுப்பு. "இத்த மாத்திட்டாங்களா? இது கொஞ்சம் வெல சாஸ்தி மாமி. வவுறு கொமட்டிக்கினே கீதுன்னு வந்து சொன்னவங்க உண்டு. அப்பால அவங்களே வந்து இன்னொரு அட்ட குடு பாய்னு வாங்கிக்கினு போனதும் உண்டு."

குமட்டத்தான் செய்தது. முதல் வாரம் நெய் உருகும் வாசனைக்கே கஸ்தூரிரங்கன் முற்றத்துக்கு எழுந்து போனார். மூக்கு போய்விட்டது, இனி நான் எதற்கும் உதவமாட்டேன் என்று அடம்பிடித்தார். சுலோச்சனா நெய்யையும் தாளிப்பையும் நிறுத்தி, அவருக்கு மோரும் சாதமுமாகவே வைத்தாள். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கிய பிறகுதான் எழுந்தாள். மூன்றாவது சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டபோது அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்க, அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "சாத்தமுதை இறக்கு. மிளகு காந்தறது" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே இறக்கினாள். திரும்பிப் பார்த்தால் அவர் போய்விடுவார் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது.

ஐப்பசியில் முகூர்த்தங்களும் மழையும் சேர்ந்தே தொடங்கின. வேலை நாட்களில் சுலோச்சனா நண்பகலுக்கு முன்பே பஸ் ஏறி, ஒற்றை மாத்திரையைப் புடைவைத் தலைப்பில் முடிந்துகொண்டு மண்டபத்தின் பின்வாசலில் போய் நிற்பாள். கோஷ்டியில் ஒருவருடைய மனைவி அடுப்பங்கரைக்கு வருவது அதுவரை இல்லாத வழக்கம். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை என்று அவர் தம் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணைப் பெற்றவன் அவரிடம் தளிகையை ஒப்படைப்பான்?

தியாகராய நகரில் ஒரு கல்யாணத்தன்று மழை விடாமல் கொட்டியது. கடைசிப் பந்தி எழுந்து, எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பத்ரி தமக்கும் அவருக்கும் எதிரெதிரே இலை போட்டார். நனைந்த குடையோடு நின்ற சுலோச்சனாவைக் கண்டதும், "வாங்கோ மன்னி. அண்ணாவோட மாத்திரை வந்தாச்சு, இனிமே சாதம் பரிமாறலாம்" என்று சிரித்தார்.

அவள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நாளைக்குக் காஞ்சீபுரம். மூணு நாள். நான் என்ன பண்ணட்டும்? கூட வந்தா நன்னா இருக்காது. பெண்ணாத்துக்காரா ஏன்னு கேப்பா. தலைப்பில இன்னும் மூணு முடிஞ்சுண்டு வந்திருக்கேன்."

"என்கிட்ட குடுக்கப் போறியா?"

அவள் தலைப்பின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். குமட்டல் நின்றிருந்தது. விடியற்காலை விழிப்பும் ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் சில மாலைகளில் அவர் முகம் பழையபடி வெறிச்சோடிக் கிடப்பதை அவள் அறிவாள். அவரும் அறிவார்.

"நானே இன்னும் என்னை நம்பலை" என்றார் அவர். இலையில் விழுந்த பருப்பையும் சாதத்தையும் பிசைந்து, நான்கு வாய் உண்டார். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு எதிர் இலையைப் பார்த்து, "பத்ரி" என்றார்.

"என்னண்ணா?"

"இது ரத்தக் கொதிப்புக்கு இல்லை."

பத்ரியின் கை இலையில் நின்றது. "தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"என்னன்னு தெரியாது. ரத்தக் கொதிப்பு இல்லைன்னு தெரியும். எங்கப்பாவும் ரத்தக் கொதிப்பு மாத்திரைதான் திங்கறார். அது பொடிசா வெள்ளையா இருக்கும். நீங்க சொல்லலை, நான் கேக்கலை."

"மனசுக்குடா. ஆவணில அண்டா மேல உக்காந்தேனே, அதுக்கு."

அப்பளக் கூடையை எடுத்துக்கொண்டிருந்த சமையலாள் ஒருவர் அதை அப்படியே வைத்துவிட்டு நின்றார். கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. வெளியே போய் நிற்கலாமா என்று சுலோச்சனாவுக்குத் தோன்றியது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அதைத் தின்னா சந்தோஷமா இருக்குமாண்ணா?" என்று பத்ரி கேட்டார். அவர் குரலில் இருந்தது கேலியன்று, தெரிந்துகொள்ளும் ஆவல்.

"சந்தோஷமெல்லாம் இல்லை. கார்த்தால எழுந்தா, சரி, எழுந்தாச்சு, அடுத்தது என்னன்னு தோணறது. அவ்வளவுதான்."

"அது போறுமே" என்றார் பத்ரி.

"காஞ்சீபுரத்துக்கு உன் மன்னி வர முடியாது. மாத்திரை என் கையில இருக்கப்படாது. ஏன்னு இப்பக் கேக்காதே, பஸ்ல போறச்சே சொல்றேன். நீ வெச்சுக்கணும். நாளுக்கு ஒண்ணு. நான் கேட்டாலும் ரெண்டாவது குடுக்கப்படாது."

பத்ரி வலக்கை எச்சிலாக இருந்ததால் இடக்கையை நீட்டி, பிறகு அது முறையல்ல என்று நினைத்தவராய், எழுந்து போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். சுலோச்சனா தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரைகளைத் தம் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு அவர் மறுபடி இலையில் அமர்ந்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடியா மன்னி, பின்னாடியா?"

"பின்னாடி. இலையை விட்டு எழுந்துக்கறதுக்குள்ள."

"சாப்பிடாம எழுந்தார்னா?"

"விடாதே" என்றாள் அவள்.

"விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பத்ரி சாத்தமுதுப் பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்து, கஸ்தூரிரங்கனின் இலையில் அவர் கேளாமலே இரண்டு கரண்டி விட்டார்.